தொற்றுக் காலத்தில் அரசு எதுவரை போகலாம்? நோட்டீஸ் ஒட்டியவனின் கேள்வி

களப்பணியாளர்

பொது சுகாதாரத் துறையில் ஆய்வாளராக வேலை பார்க்கிறேன். கோவிட் காலத்தில் நோயாளிகளின் வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டியவன், தெரு முனையில் தடுப்பு கட்டும்போது பக்கத்தில் நின்றவன், கூட்டம் சேர்ந்த மண்டபத்தைப் பூட்டிச் சாவியை வாங்கி வந்தவன். ஆணை மேலிருந்து வரும். பல நேரம் முதலில் வாட்ஸ்அப்பில் வரும், காகிதம் பின்னால் வரும். வந்ததைச் செய்தோம். செய்ததற்காக நான் வருத்தப்படவில்லை.

இப்போது புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களுக்கு வகுப்பு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த பெருந்தொற்று வந்தால் களத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது தலைப்பு. நோய் எப்படிப் பரவும், யாரை எத்தனை நாள் தனிமைப்படுத்த வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். முதல் வகுப்பிலேயே ஒரு பெண் எழுந்து, "சார், அந்த நோட்டீஸை எந்தச் சட்டத்தின் கீழ் ஒட்டினீர்கள்?" என்று கேட்டார். 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்கள் சட்டம், 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் என்று சொன்னேன். "எந்தப் பிரிவு?" என்றார். நல்லெண்ணத்தில் செய்த எதற்கும் வழக்குத் தொடர முடியாது என்று 1897 சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறதே என்று பதில் சொல்லிச் சமாளித்தேன். அவர் உட்கார்ந்துவிட்டார், ஆனால் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

என் கேள்வி இதுதான். ஒரு கூட்டம், பெருந்தொற்று வந்துவிட்டால் உரிமை கிரிமை எதுவும் கிடையாது, அரசு சொல்வதுதான் சட்டம் என்கிறது. இன்னொரு கூட்டம், அந்தக் காலத்தில் போட்ட ஆணைகள் அத்தனையும் சட்டவிரோதம் என்கிறது. நீதிமன்றங்கள் உண்மையில் எங்கே கோடு போட்டிருக்கின்றன? நம் நாட்டில் மட்டும் என்றில்லை, எங்கே நடந்திருந்தாலும் சொல்லுங்கள். வகுப்பில் சொல்வதற்கு எனக்கு வழக்குகள் வேண்டும், பொதுவான உபதேசம் வேண்டாம்.

பழைய வக்கீல்

தம்பி, முதலில் அந்தப் பெண்ணை விட்டுவிடாதீர்கள். துறைக்கு அப்படிப்பட்ட ஆள் தேவை.

நீங்கள் சொல்லும் இரண்டு கூட்டங்களும் வழக்குகளைப் படிக்காத கூட்டங்கள். தொற்றுக் கால வழக்குகளில் அரசு தோற்ற தீர்ப்புகளை வரிசையாக எடுத்து வைத்துப் பாருங்கள். கட்டுப்பாடு மிகக் கடுமையாக இருந்தது என்ற ஒரே காரணத்துக்காகத் தோற்றது அபூர்வம். ஆணை போட்டவருக்கு அந்த அதிகாரம் இருந்ததா, ஒருவருக்கு ஒரு நீதி மற்றவருக்கு வேறு நீதியா, பெரும்பாலும் இந்த இரண்டு கேள்விகளில்தான் அரசு இடறி விழுந்திருக்கிறது. அதாவது, எவ்வளவு அடித்தாய் என்று கேட்பதற்கு முன்னால், கோலை உன் கையில் கொடுத்தது யார் என்று கேட்டிருக்கிறார்கள்.

நியூசிலாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோவிட்டை அடக்கியதற்காக உலகமே பாராட்டிய நாடு. 2020 மார்ச் 26 முதல் ஏப்ரல் 3 வரை, முதல் 9 நாட்கள், பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன் உட்பட அனைவரும் தொலைக்காட்சியில் மக்களை வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். மக்களும் இருந்தார்கள். ஆனால் சுகாதாரத் தலைமை இயக்குநர் அப்போது கையெழுத்திட்ட ஆணையில் அந்த வார்த்தை இல்லை. கடைகளையும் இடங்களையும் மூடுவதற்கும், கூட்டம் கூடாமல் தடுப்பதற்கும்தான் அதில் வழி இருந்தது. வீட்டைவிட்டு வெளியே வராதே என்ற கட்டளை ஏப்ரல் 3ஆம் தேதி ஆணையில்தான் முதல்முறையாக எழுத்தில் வந்தது. ஆண்ட்ரூ பாரோடேல் என்ற வழக்கறிஞர் இதைப் பிடித்துக்கொண்டு உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2020 ஆகஸ்டில் மூன்று நீதிபதிகள் அமர்ந்து தீர்ப்புச் சொன்னார்கள்: அந்த 9 நாள் கட்டுப்பாடு தேவையானதுதான், நோயின் அளவுக்கு ஏற்றதுதான், ஆனாலும் சட்டத்தால் விதிக்கப்படவில்லை, ஆகவே சட்டவிரோதம். தேவை இருந்தது என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். அப்படியிருந்தும், வாயால் சொன்னதை ஆணை என்று ஏற்க மறுத்துவிட்டார்கள். உங்கள் வாட்ஸ்அப் செய்திகளை நினைத்துக்கொண்டு இந்தத் தீர்ப்பைப் படியுங்கள்.

ஸ்பெயினில் கதை இன்னும் வேடிக்கை. அங்கே நெருக்கடியில் எச்சரிக்கை நிலை என்று ஒன்று, அதைவிடக் கனமான விதிவிலக்கு நிலை என்று ஒன்று. முதலாவதை அமைச்சரவையே அறிவித்துவிடலாம். இரண்டாவதற்கு நாடாளுமன்றக் கீழவையின் முன் அனுமதி வேண்டும். அரசு முதலாவதை அறிவித்துவிட்டு நாடு முழுவதையும் வீட்டுக்குள் வைத்தது. 2021 ஜூலை 14 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் 6க்கு 5 என்ற கணக்கில், இத்தனை பெரிய முடக்கத்துக்கு இரண்டாவது நிலையை அறிவித்திருக்க வேண்டும் என்றது. வேறு வழியில் வந்திருந்தால் அதே முடக்கம் செல்லுபடியாகியிருக்கும். அந்த ஐந்து நீதிபதிகளின் மாற்றுக் கருத்தும் வலுவானதுதான் என்பது என் அபிப்பிராயம், அது இங்கே வேண்டாம்.

வேறொரு காரியத்துக்காக எழுதிய சட்டத்தை எடுத்துத் தொற்றுக்குப் பொருத்தப் பார்ப்பது இன்னொரு பழக்கம். குஜராத் அரசு 2020 ஏப்ரல் 17 அன்று ஓர் அறிவிக்கை வெளியிட்டது. தொழிற்சாலைகளில் ஒரு நாள் வேலை 12 மணி நேரம் வரை, வாரத்துக்கு 72 மணி நேரம் வரை போகலாம், கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் தர வேண்டாம். ஆதாரம், தொழிற்சாலைகள் சட்டத்தின் 5ஆம் பிரிவில் உள்ள பொது அவசரநிலை. அந்தப் பிரிவோ போர், வெளியாரின் ஆக்கிரமிப்பு, உள்நாட்டுக் குழப்பம் ஆகியவற்றால் நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து வரும்போது என்று சொல்கிறது. 2020 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, தொழிலாளருக்குக் கூடுதல் நேரச் சம்பளத்தைக் கொடுக்கவும் உத்தரவிட்டது. தொற்றுநோய் எவ்வளவு பெரிதானாலும் அந்தப் பிரிவு சொல்லும் அவசரநிலை ஆகாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். அமெரிக்காவிலும் இதே வகைத் தவறு. நாடு முழுவதும் வாடகைதாரர்களை வெளியேற்றக் கூடாது என்று நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆணையிட்டது. கையில் இருந்த சட்டம் 1944ஆம் ஆண்டுடையது. புகை போடுதல், கிருமி நீக்குதல், பூச்சி ஒழித்தல் என்று பட்டியல் போடும் சட்டம் அது. அதிலிருந்து வாடகைச் சட்டத்தை உருவ முடியாது என்று அவர்களுடைய உச்ச நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் சொல்லிவிட்டது.

ஒருவருக்கு ஒரு நீதி என்ற கேள்விக்கு வருகிறேன். உங்கள் வகுப்பில் ஒரே ஒரு வழக்கைத்தான் சொல்ல நேரம் இருக்கிறது என்றால் இதைச் சொல்லுங்கள்.

1900ஆம் ஆண்டு, சான் பிரான்சிஸ்கோ. சீனர் குடியிருப்பில் பிளேக் என்று சந்தேகம். நகராட்சி 12 தெருக்கட்டங்களை வளைத்துக் காவல் போட்டது. உள்ளே 10,000 பேருக்கு மேல். யாரும் வெளியே போகக் கூடாது. அந்தப் பகுதியில் மளிகைக் கடை வைத்திருந்த ஜூ ஹோ என்பவர் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார். காவல் வளையம் நேர்க்கோட்டில் போகவில்லை என்பது வழக்கில் தெரியவந்தது. சீனர் வீட்டை உள்ளே இழுத்துக்கொண்டு, ஒட்டியிருக்கும் சீனர் அல்லாதவரின் கட்டடத்தை விட்டு விலகி வளைந்து போகிறது. ஒரே தெரு, ஒரே சுவர், ஒரே எலி. இந்தப் பக்கம் இருப்பவர் கைதி, அந்தப் பக்கம் இருப்பவர் சுதந்திர மனிதர். உள்ளே இருப்பவர்கள் தங்களுக்கு விருப்பமான மருத்துவரை வரவழைக்கவும் முடியவில்லை. நீதிபதி மாரோ இரண்டு விஷயங்களைச் சொன்னார். ஒன்று, ஆணை எழுத்தில் எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறது, நடைமுறையில் சீனருக்கு எதிராக மட்டும் பாய்கிறது. இரண்டாவது, நோய் கண்ட வீட்டைத் தனிமைப்படுத்தினால் அது தனிமைப்படுத்தல், 10,000 பேரை ஒன்றாகச் சேர்த்துப் பூட்டினால் அவர்களுக்குள் நோயைப் பரப்புகிற ஏற்பாடு. ஆணையை நீக்கினார். அதே நகரில் அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் இன்னொரு ஆணையும் விழுந்திருந்தது. ஊரைவிட்டுப் போக விரும்பும் ஆசியர்கள் மட்டும் ஹாஃப்கின் என்பவரின் பிளேக் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்ற ஆணை. அந்த ஊசி பம்பாயில் உருவானது. உருவான 1897லேயே உங்கள் தொற்றுநோய்கள் சட்டமும் அதே பம்பாய் மாகாணப் பிளேக்குக்காகப் பிறந்தது.

அந்தச் சட்டத்தின் 4ஆம் பிரிவை நீங்கள் கேடயமாகப் பிடித்தீர்கள். அது காப்பது உங்களை. ஆணையைக் காக்காது. நல்லெண்ணத்தோடு செயல்பட்ட ஊழியர் மீது வழக்குப் போட முடியாது என்பதால் அவர் நிறைவேற்றிய ஆணை சட்டப்படி சரியானதாகிவிடாது. ரிட் மனுவில் எதிர் மனுதாரர் அரசு, அங்கே 4ஆம் பிரிவுக்கு வேலையே இல்லை. அந்தச் சட்டம் மொத்தமே நான்கு பிரிவுகளோடு பிறந்தது. மாநில அரசு தேவையான நடவடிக்கை எடுக்கலாம் என்று அகலமாகச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும். எல்லை எதுவும் அதற்குள் கிடையாது. எல்லை அரசியலமைப்பிலிருந்து வருகிறது.

நோட்டீஸ் விவகாரத்துக்கே தீர்ப்பு இருக்கிறது. நோயாளியின் வீட்டு வாசலில் ஒட்டும் சுவரொட்டி பற்றி உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 9 அன்று சொன்னது: பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி உரிய அதிகாரி நேரடியாக ஆணையிட்டிருந்தால் ஒழிய ஒட்டக் கூடாது. அப்படி ஒட்டச் சொல்லித் தன் வழிகாட்டுதல்களில் எதுவும் இல்லை என்று மத்திய அரசே அந்த வழக்கில் தெரிவித்தது. அந்தப் பெண் கேட்ட கேள்வியைத்தான் உச்ச நீதிமன்றமும் கேட்டிருக்கிறது.

வார்டு எண் ஏழு

வக்கீல் ஐயாவின் பதிவு சுவையாக இருக்கிறது. ஆனால் ஒரு மருத்துவராக எனக்கு எரிச்சலும் வருகிறது. சான் பிரான்சிஸ்கோ கதையின் மறுபாதியை ஏன் விட்டுவிட்டீர்கள்? அங்கே பிளேக் உண்மையிலேயே இருந்தது. நீதிமன்றம் வளையத்தை நீக்கியது, மாநில ஆளுநர் கேஜ் பிளேக்கே இல்லை என்று சாதித்தார், நோய் 1904 வரை நீடித்தது. 119 பேர் இறந்தார்கள். தீர்ப்பெழுதிய நீதிபதிக்குப் பாக்டீரியா தெரியாது.

இன்னொன்று. 2020 மே மாதம் கலிஃபோர்னியாவில் ஒரு தேவாலயம், வழிபாட்டுக்கு விதித்த கட்டுப்பாட்டை எதிர்த்து அமெரிக்க உச்ச நீதிமன்றம் போனது. 5க்கு 4 என்று மறுத்துவிட்டார்கள். நிபுணர்களின் முடிவில் தலையிட மாட்டோம் என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதினார். அதே ஆண்டு நவம்பர் 25. நியூயார்க்கில் சிவப்பு மண்டல வழிபாட்டுத் தலங்களில் 10 பேர், ஆரஞ்சு மண்டலத்தில் 25 பேர் என்று ஆளுநர் குவோமோ விதித்த வரம்பு. இம்முறை 5க்கு 4 என்று அதை நிறுத்தினார்கள். ஆறு மாதத்தில் வைரஸ் நல்லதாகிவிட்டதா? நீதிபதி கின்ஸ்பர்க் இறந்து அந்த இடத்துக்கு பாரெட் வந்தார், அவ்வளவுதான். இதைக் கோடு என்று எப்படிச் சொல்வது? ஆக்ஸிஜன் அளவு 80க்குக் கீழே இறங்கிய நோயாளியின் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போது, பிரிவு எண்ணைத் தேடிக்கொண்டிருக்க எனக்கு நேரம் இல்லை.

பழைய வக்கீல்

டாக்டர் அம்மா சொல்வதில் பாதிக்கு என்னிடம் பதில் இல்லை. நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது தீர்ப்பை மாற்றும். மாற்றாது என்று சொல்கிற வக்கீலை நம்பாதீர்கள்.

ஆனாலும் நியூயார்க் தீர்ப்பைப் படித்தால் ஒரு இடம் உறுத்தும். சிவப்பு மண்டலத்தில் ஆயிரம் பேர் உட்காரக்கூடிய தேவாலயத்துக்குள் 10 பேர்தான் போகலாம். அத்தியாவசியம் என்று அரசே வகைப்படுத்திய இடங்களுக்கு எண்ணிக்கை வரம்பே கிடையாது. அந்தப் பட்டியலில் அக்குபங்சர் நிலையமும் முகாம் மைதானமும் இருந்தன. மண்டபத்தின் பரப்பளவுக்கு ஏற்ப இத்தனை பேர் என்று எல்லா இடங்களுக்கும் ஒரே விதியைப் போட்டிருந்தால் வழக்கு இவ்வளவு தூரம் போயிருக்காது என்று நினைக்கிறேன். அந்தத் தீர்ப்பை எதிர்த்து எழுதிய ராபர்ட்ஸ்கூட அந்த வரம்புகள் மிதமிஞ்சியதாகத் தோன்றுகின்றன என்றுதான் எழுதினார். மண்டலங்களை மாற்றிவிட்டதால் வழக்குத் தொடுத்தவர்களுக்கு அந்த நேரத்தில் அந்த வரம்பு பொருந்தவில்லை, இப்போது தடை எதற்கு என்பது அவருடைய வாதம்.

பிளேக் இருந்தது, உண்மை. அதனால் வளையம் சரியாகிவிடுமா? நோய் கண்ட வீடுகளைத் தனிமைப்படுத்துவதை மாரோ தடுக்கவில்லை. இனத்தைப் பார்த்து வளையம் போட்ட அதிகாரிகளை அந்த மக்கள் நம்பவில்லை, நோயாளிகளை மறைத்தார்கள். நோய் நீடித்ததில் அதற்கும் பங்கு உண்டு. மருத்துவராக உங்களுக்கு இது என்னைவிட நன்றாகவே தெரியும்.

அரசு வென்ற வழக்குகளையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஒருதலைப்பட்சமாகப் பேசுகிறேன் என்பார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் 1902இல் பெரியம்மை. எல்லோரும் அம்மை குத்திக்கொள்ள வேண்டும், மறுத்தால் 5 டாலர் அபராதம். ஹென்னிங் ஜேக்கப்சன் என்ற பாதிரியார் மறுத்தார். 1905இல் உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்று நகருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. இன்றைக்கும் கட்டாயத் தடுப்பூசி என்றாலே இதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். அதில் இரண்டு விவரங்களை மறந்துவிடுவார்கள். அவரைப் பிடித்துக் கட்டி வைத்து ஊசி குத்தவில்லை, அபராதம் மட்டும்தான். பாதுகாப்புக்குத் தேவையான அளவைத் தாண்டி எதேச்சாதிகாரமாகப் போனால் நீதிமன்றம் தலையிடும் என்றும் அதே தீர்ப்பில் நீதிபதி ஹார்லன் எழுதிவைத்தார். 22 ஆண்டு கழித்து, 1927இல், அதே நீதிமன்றம் வர்ஜீனியாவில் கேரி பக் என்ற இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய அனுமதித்தது. அம்மை ஊசியைக் கட்டாயப்படுத்தலாம் என்றால் கருக்குழாயையும் வெட்டலாம் என்று நீதிபதி ஹோம்ஸ் எழுதினார். மேற்கோளாகக் காட்டியது ஜேக்கப்சன் வழக்கை. தொற்றுக்காகக் கொடுத்த அதிகாரம் தொற்று இல்லாத இடத்துக்கும் நடந்து போய்விடும் என்று நான் அஞ்சுவது இதனால்தான். பிரிவு எண்ணைக் கேட்பது நேரத்தை வீணாக்குவது என்று சொல்லாதீர்கள், அம்மா.

மூன்றாவது வரிசை

வெளிநாட்டில் சிக்கி, சொந்த நாட்டுக்குள் நுழைய முடியாமல் நின்றவர்களின் வழக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மீண்டும் நியூசிலாந்துதான். திரும்பி வரும் குடிமக்கள் அரசு நடத்திய தனிமை விடுதியில் தங்க வேண்டும், அறை கிடைத்தால்தான் விமானம் ஏறலாம். அறைகள் குறைவு. இணையத்தில் ஒரு காத்திருப்புக் கூடத்தைத் திறந்து, உள்ளே வந்தவர்களுக்கு எழுந்தமானமாக வரிசை எண் கொடுத்தார்கள். பல காலம் காத்திருப்பவருக்கும், சும்மா ஊர் பார்க்க வருகிறவருக்கும் ஒரே குலுக்கல்.

2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் சொன்னதை நான் பல முறை படித்திருக்கிறேன். தனிமை விடுதி ஏற்பாடு சட்டப்படி சரியே. ஆனால் தன் நாட்டுக்குள் நுழையும் உரிமையைக் கட்டுப்படுத்தும்போது, யாருக்கு அவசரம், யார் எத்தனை காலம் காத்திருக்கிறார் என்பதைப் பார்க்காத குலுக்கல் நியாயமான கட்டுப்பாடாகாது. 2021 செப்டம்பர் முதல் டிசம்பர் நடுவரை சிலருடைய உரிமை இதனால் மீறப்பட்டது என்று அறிவித்தார்கள். கட்டுப்பாடு இருக்கலாம், கதவைத் திறக்கும் முறை மனிதரைப் பார்க்க வேண்டும் என்பதுதான் எனக்கு அதில் கிடைத்தது. வக்கீல் ஐயா சொன்ன இரண்டு கேள்விகளோடு இதை மூன்றாவதாகச் சேர்க்கலாமா?

பழைய வக்கீல்

தாராளமாகச் சேர்க்கலாம் அம்மா. நான் விட்டுவிட்ட வகை அது. இதற்கு அண்ணன் முறையில் ஒரு வழக்கு ஐரோப்பாவில் உண்டு. சுவீடனில் எச்.ஐ.வி. தொற்று இருந்த ஒருவரைக் கட்டாயமாக மருத்துவமனையில் தனிமைப்படுத்த ஆணை. ஆறு ஆறு மாதமாக நீட்டித்துக்கொண்டே போய், ஏழு ஆண்டுகளை நெருங்கியது. அவர் அடிக்கடி தப்பி ஓடியதால் உள்ளே இருந்தது மொத்தம் ஒன்றரை ஆண்டுதான். 2005இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம், அடைத்து வைப்பது கடைசி வழியாக இருக்க வேண்டும், அதைவிட மென்மையான வழிகள் போதாது என்பதை அரசு காட்டவில்லை என்று சொல்லி, சுதந்திர உரிமை மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றம் 2021 ஏப்ரலில் செக் குடியரசின் குழந்தைகளுக்கான கட்டாயத் தடுப்பூசியை ஏற்றுக்கொண்டது. ஆக, அங்கேயும் கட்டாயம் என்ற வார்த்தையைப் பார்த்ததும் யாரும் மிரளவில்லை.

மலாவியையும் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரலில் 21 நாள் முடக்கம் அறிவித்தார்கள். தொடங்குவதற்கு முன்பே உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. அன்றாடம் உழைத்துச் சாப்பிடுகிறவர்களுக்கு என்ன ஏற்பாடு என்று மனித உரிமை அமைப்பினர் கேட்ட கேள்விக்கு அரசிடம் பதில் இல்லை. இந்தக் கேள்வியை மற்ற நாடுகளில் இத்தனை நேரடியாக நீதிமன்றங்கள் எடுத்துக்கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை.

வார்டு எண் ஏழு

சரி ஐயா, ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 2022 மே 2 அன்று நம் உச்ச நீதிமன்றம் கோவிட் தடுப்பூசி வழக்கில் சொன்னது எனக்கு அப்போது கோபத்தைக் கொடுத்தது. யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது, உடல் மீதான உரிமை அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புக்குள் வருகிறது என்றார்கள். அதே மூச்சில், பொது நலனுக்காக அரசு சில கட்டுப்பாடுகளை விதிக்கலாம் என்றும் சொன்னார்கள். ஊசி போடாதவர் பொது இடத்துக்கு வரக் கூடாது என்று சில மாநிலங்கள் போட்டிருந்த தடையை மட்டும், தொற்று குறைவாக இருக்கும் அந்த நேரத்து நிலைமைக்கு அது பொருந்தவில்லை என்றார்கள். ஊசி போட்டவரைவிடப் போடாதவரால் பரவல் அதிகம் என்று காட்ட அரசு எந்தத் தரவையும் வைக்கவில்லை என்பதே காரணம். தரவு கேட்கிற நீதிமன்றத்தோடு எனக்குச் சண்டை இல்லை. பக்கவிளைவு விவரங்களை வெளியிடச் சொன்னதும் நல்லதற்கே.

களப்பணியாளர்

எல்லோருக்கும் நன்றி. வகுப்புக்குத் தேவையானதைவிட அதிகமாகவே கிடைத்துவிட்டது. சான் பிரான்சிஸ்கோ வளையத்தைப் பலகையில் வரைந்து காட்டப் போகிறேன்.

வக்கீல் ஐயா, நடைமுறைக்கு ஒன்று கேட்கிறேன். நாளைக்கே ஆணை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாவட்டத்தில் என் நிலையில் இருப்பவன் ஆணை சரியா என்று நீதிபதி மாதிரி உட்கார்ந்து ஆராய முடியாது. கையில் காகிதத்தை வாங்கியதும் எதைப் பார்க்க வேண்டும்? மீறியவர் மீது நானே வழக்குப் போட்டுவிடலாமா?

பழைய வக்கீல்

கையெழுத்துக்கு மேலே சட்டத்தின் பெயரும் பிரிவு எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் என்று மொட்டையாக எழுதியிருந்தால், எந்தப் பிரிவு என்று எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். கேட்டதற்கான நகல் உங்கள் கோப்பில் இருக்கட்டும். முடிவுத் தேதியையும் பாருங்கள். மறு உத்தரவு வரும் வரை என்ற வாசகம் வசதியானது, நீதிமன்றத்தில் அதைவிட மோசமான வாசகம் கிடையாது. 2020 ஜனவரியில் காஷ்மீர் இணையத் தடை வழக்கில் உச்ச நீதிமன்றம் 144 தடையாணைகளை வெளியிட வேண்டும், காரணம் எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அது தொற்று வழக்கு இல்லை, ஆனாலும் அந்தத் தடையாணைகளைத்தான் இரண்டு மாதம் கழித்து நாடு முழுவதும் தொற்றுக்காகப் போட்டார்கள்.

வழக்குப் போடுவதில் ஒரு கண்ணி இருக்கிறது. அரசு ஊழியரின் ஆணையை மீறியதற்கான குற்றம், அப்போது இந்திய தண்டனைச் சட்டம் 188, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 223. இதில் சம்பந்தப்பட்ட அரசு ஊழியரோ அவருக்கு மேலுள்ளவரோ எழுத்தில் புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் வழக்கை ஏற்க முடியும். போலீஸ் தானாக முதல் தகவல் அறிக்கை போட்டு, குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வது போதாது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் குற்றங்களுக்கும் 60ஆம் பிரிவில் இதே மாதிரி நிபந்தனை உண்டு. ஆகவே சம்பவ இடத்திலேயே தேதி, நேரம், ஆணை எண், அந்த ஆணை அவருக்கு எப்படித் தெரிவிக்கப்பட்டது என்பதை எழுதி மேலதிகாரியிடம் கொடுங்கள். ஆணை தெரியாத ஒருவர் அதை மீறியதாக நிரூபிக்க முடியாது, அந்தப் பிரிவே தெரிந்து மீறியவரைப் பற்றித்தான் பேசுகிறது.

நோட்டீஸைக் கதவில் ஒட்டுவதற்குப் பதில் வீட்டுக்காரர் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். எத்தனை நாள், யாரிடம் முறையிடலாம், மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் எந்த எண்ணுக்குப் பேச வேண்டும் என்ற மூன்றும் அதில் இருந்தால், உங்கள் ஆணையை எதிர்த்து வாதாட வரும் வக்கீலிடம் இருக்கும் வாதங்கள் பாதியாகக் குறைந்துவிடும்.